மாமாவின் புத்தாக்கம்

புத்தாக்கம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று எவரும் சட்டம் போடவில்லை. செத்தவரின் சட்டையை ஒருவரும் எடுத்து உடுத்தாமல் அலுமாரியில் கிடக்க விடுவது போல அதைக் கிடக்க விட்டிருக்கிறோம். வெளியே என்றால் அந்தச் சொல்லிடமிருந்து தப்ப இடமே இல்லை. வங்கிச் சுவரில் இருக்கிறது, சவர்க்காரப் பெட்டியில் இருக்கிறது. நான் வேலை செய்கிற கந்தோரில் வருடத்தில் ஒரு கிழமை அதற்கென்றே பதாகை கட்டி, பற்றிஸும் தேத்தண்ணியும் கொடுத்துக் கொண்டாடுகிறார்கள். போன முறை கொழும்பிலிருந்து வந்த வளவாளர் ஒருவர், இந்தச் சொல்லைக் கேட்டதும் உங்கள் மனதில் வருவது என்ன என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். கைத்தொலைபேசி என்றார் ஒருவர். சூரிய மின்கலம் என்றார் இன்னொருவர். எனக்கு வந்தது ஒரு ஜாம் போத்தலும் அதற்குள் நின்ற ஒரு பிளாஸ்ரிக் பொம்மையும். நானும் சூரிய மின்கலம் என்றே சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கு வந்தது நான் ஆறாம் ஆண்டு படிக்கும்போது. மாணவர் புத்தாக்கப் போட்டி என்று பள்ளிக்கூடத்தில் அறிவித்தார்கள். விஞ்ஞான ரீச்சர் கரும்பலகையில் பெரிதாக எழுதி, கண்டுபிடிப்பு வேறு, புத்தாக்கம் வேறு, மாற்றி எழுதினால் புள்ளி வெட்டுவேன் என்றார். உலகத்தில் இல்லாத ஒன்றை உண்டாக்கினால் அது கண்டுபிடிப்பு. இருக்கிற சாமானை வைத்தே, இதுவரை ஒருவரும் யோசிக்காத விதத்தில் ஒரு தேவையைத் தீர்த்தால் அது புத்தாக்கம். நான் அதைப் பாடமாக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குசினிக்குள் நின்ற அம்மாவுக்கு ஒப்பித்தேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப உன்ர மாமா நெடுகச் செய்யிறது இதுதானே. அதுக்கு இப்பிடி ஒரு பேர் இருக்கெண்டு தெரியாமல் நான் இவ்வளவு காலமும் ஏசிப்போட்டன்” என்றார்.

மாமா அம்மாவின் தம்பி. கலியாணம் கட்டவில்லை, பாலையூற்றில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் படுக்கை. எந்த உடைந்த சாமானையும் அவர் எறிய விடமாட்டார். குழாய் ஒழுகினால் பழைய செருப்பில் வாசர் வெட்டிப் போடுவார். குசினிக் கூரை ஒழுகியபோது, தேர்தல் முடிந்த கையோடு மதிலில் தொங்கிய ஒரு வேட்பாளரின் பதாகையைக் கழற்றிக்கொண்டு வந்து, படம் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி உள்ளே கட்டினார். மழை ஒழுக்கு நின்றது. ஆனால் அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அம்மாவின் கறிச்சட்டியைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார். இவற்ற பல்லைப் பார்த்துக்கொண்டே சமைக்க வேண்டிக் கிடக்கு என்று அம்மா முறைப்பட்டாலும், அதைக் கழற்றச் சொல்லவில்லை.

ரீச்சரின் சொல் வந்த பிறகு இவை எல்லாவற்றுக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது. மாமா குறட்டைக் கையில் எடுத்தால், “தொடங்கீட்டார் புத்தாக்கம்” என்பார் அம்மா. கருவாட்டோடு பப்பாசிக்காயைப் போட்டு அம்மா ஒரு நாள் கறி வைத்தபோது, அப்பா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது புத்தாக்கமோ, இல்லாட்டி தேங்காய் முடிஞ்சுதோ?” என்று கேட்டார். இரண்டும்தான் என்றார் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர்கூட, சின்ன மகனுக்குப் பெரியவனின் காற்சட்டையை வெட்டித் தைத்துப் போட்டுவிட்டு, எங்கள் வாசல் படலையடியில் நின்று புத்தாக்கம் என்று காட்டினார். ரீச்சரின் வரைவிலக்கணத்தில் இல்லாத ஒன்று எங்கள் ஒழுங்கையில் அதோடு சேர்ந்துகொண்டது. ஏதோ ஒன்று முடிந்துபோன வீட்டில்தான் அது நடக்கும். இதை நான் அப்போது கவனிக்கவில்லை, சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவும் மாமாவும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தார்கள். மீன்பிடி அல்ல. குடாவின் அடியில் முன்னொரு காலத்தில் உடைந்து தாழ்ந்த படகுகள், கப்பல்களின் இரும்பும் பித்தளையும் கிடக்கும். மாமா சுழியோடிப் போய் அவற்றைக் கயிற்றில் கட்டிவிட்டு மேலே வந்து இழுத்து ஏற்றுவார். ஒட்சிசன் சிலிண்டர் வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு இறங்க எங்களுக்கு வசதி இல்லை. வள்ளத்தின் பின்பக்கத்தில் சின்ன எஞ்சின் ஒன்று, அது சுற்றுகிற கொம்பிரஷர் ஒன்று. ரயருக்குக் காற்றடிக்கிற அதே கொம்பிரஷர்தான். அது மேலே இருக்கிற காற்றை ஒரு பைப்பால் இழுத்து, நீளமான இன்னொரு பைப்பால் கடலடிக்கு அனுப்பும். அந்தப் பைப்பை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டி, நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு மாமா கீழே மூச்சு விடுவார்.

மாமா கீழே நிற்கும்போது அப்பாவின் வேலை என்ன என்று கேட்டால், நான் கண்டவரையில் சும்மா இருப்பதுதான். பள்ளிக்கூட விடுமுறையில் இரண்டொரு தரம் என்னையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மாமா கீழே இறங்கிய பிறகு அப்பா தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, காற்றை இழுக்கிற பைப்பின் வாயைக் கையில் பிடித்தபடி குந்தியிருப்பார். காற்று மாறினால் பைப்பை மற்றப் பக்கம் மாற்றிப் பிடிப்பார். பெரிய துண்டு ஏதும் அகப்பட்டு ஒரே இடத்தில் வேலை செய்ய வேண்டியிருந்தால், வள்ளம் அசையாமல் இருக்க முன்னுக்கும் பின்னுக்கும் நங்கூரம் போட்டுவிட்டு, திரும்பவும் குந்திக்கொள்வார். பீடி பற்ற வைப்பார், அணைப்பார், கடலைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் முதுகு நோகுது என்பார். சும்மா இருந்த முதுகு ஏன் நோகிறது என்று எனக்கு விளங்குவதில்லை. அம்மாவுக்கும் அதில் ஒரு சந்தேகம் இருந்தது.

அம்மாவுக்கு இருந்த பெரிய பயம் வேறு. வீட்டிலிருக்கும் இரண்டு ஆண்களும் ஒரே வள்ளத்தில் போகிறார்கள் என்பது. சுனாமியில் அம்மாவின் தகப்பனும் தமையனும் ஒரே வள்ளத்தில் நின்று போனவர்கள். பின்னேரம் கொஞ்சம் பிந்தினாலும் அம்மா அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, படலைக்கும் குசினிக்கும் நடந்தபடி இருப்பார். “ஒருத்தராவது தரையில நில்லுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்” என்று அவர் கேட்கத் தொடங்கி எத்தனையோ காலம். துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்த ஒருவர் வந்து சொன்னபோது, அம்மா அப்பாவின் காலில் விழாத குறை. அப்பாவுக்கும் விருப்பம்தான். ஆனால் அவர் போனால் வள்ளத்தில் யார் இருப்பது? வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போனால் கிடைக்கிற இரும்பில் பாதி அவருக்குப் போய்விடும்.

மாமா இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை. முற்றத்தில் குந்தியிருந்து, ஈர்க்கிலால் மண்ணில் வள்ளத்தைக் கீறிக் கீறி அழித்தார். மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்து, “அத்தான், நீங்கள் வேலைக்குப் போங்கோ. வள்ளத்தையே ஆளாக்கிறன்” என்றார்.

அவர் யோசித்தது இவ்வளவுதான். எஞ்சின் பின்பக்கத்தில் இருக்கிறது, அதன் புகையும் அங்கேதான் வருகிறது. அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்தலையில், ஒரு மூங்கிலை நட்டு, காற்றை இழுக்கிற பைப்பை அதன் உச்சியில் கட்டிவிட்டால் என்ன? அணியத்தில் நங்கூரம் போட்ட வள்ளம் எப்போதும் காற்று வரும் திசைக்கே மூஞ்சியைக் காட்டி நிற்கும். காலமை கரையிலிருந்து வருகிற கச்சான் காற்று அடித்தால் கரையைப் பார்க்கும். வெயில் ஏறிக் கடற்காற்று எழும்பினால் தானாகவே சுற்றிக் கடலைப் பார்க்கும். ஆகவே மூங்கில் இருக்கும் பக்கம் எந்நேரமும் சுத்தமான காற்று, புகை எந்நேரமும் பின்னால் பறந்துபோகும். பைப்பை மாற்றிப் பிடிக்க ஒரு ஆள் தேவையில்லை. இருக்கிற மூங்கில், இருக்கிற பைப்பு, இருக்கிற வள்ளம். மழைத்தண்ணீர் போகாமல் பைப்பின் வாய்க்கு மேலே ஒரு ஐஸ்கிறீம் பெட்டியைக் கவிழ்த்துக் கட்டினார், அது ஒன்றுதான் புதிதாக வந்த சாமான்.

அப்பா உடனே நம்பிவிடவில்லை. ஒரு கிழமை கூடவே போய், பைப்பைத் தொடாமல் வெறுங்கையோடு குந்தியிருந்து பார்த்தார். கச்சான் அடித்தது, நின்றது, கடற்காற்று எழும்பியது. ஒவ்வொரு தரமும் வள்ளம் சொன்ன சொல் கேட்டுச் சுற்றியது. கடைசி நாள் வீட்டுக்கு வந்து, “நான் இவ்வளவு காலமும் செய்ததை அந்த மூங்கில் என்னைவிட நல்லாச் செய்யுது” என்றார். அதை அவர் பகிடியாகச் சொன்னாரா, கவலையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அம்மா மட்டும், தனியே ஒருவன் கடலுக்குள் எப்படி என்று இழுத்தார். “தனியவோ? வள்ளம் இருக்கெல்லோ அக்கா” என்றார் மாமா. அம்மா, “இதுதான்ரா உண்மையான புத்தாக்கம்” என்றார். அந்தச் சொல்லை அம்மா பகிடி இல்லாமல் சொன்னது அன்றைக்குத்தான். அடுத்த திங்கட்கிழமை அப்பா சப்பாத்துப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். அம்மா அன்று பின்னேரம் படலைக்கு நடக்கவில்லை. வீட்டில் ஒரு நிம்மதி வந்திருந்தது, அது எனக்கே தெரிந்தது.

போட்டிக்கு நான் எதைக் கொண்டு போவது என்ற கேள்வியே இருக்கவில்லை. ரீவிப் பெட்டிக்குள் வருகிற வெள்ளை ரெஜிபோமில் மாமா ஒரு முழ நீளத்துக்கு வள்ளம் வெட்டித் தந்தார். பழுதான விளையாட்டுக் காரின் மோட்டரைக் கழற்றி, சின்னக் காற்றாடி பூட்டி, ஒரு தகரப்பேணிக்குள் வைத்துப் பின்பக்கத்தில் ஒட்டினார். அதுதான் கொம்பிரஷர். அணியத்தில் மூங்கிலுக்குப் பதில் ஈர்க்கில், அதோடு சேர்த்துக் கட்டி, பேணி வரைக்கும் ஓட விட்ட ஒரு சோடா ஸ்ரோ. வள்ளம் பேசின் தண்ணீரில் மிதந்தது, அணியத்தில் கட்டிய நூலின் நுனியில் ஒரு கல்லு நங்கூரமாகக் கிடந்தது. பேணியிலிருந்து ஒரு மெல்லிய ரியூப் வெளியே ஓடி, பக்கத்தில் வைத்த ஜாம் போத்தலுக்குள் போகும். போத்தல்தான் கடலடி. அதற்குள் ஒரு பிளாஸ்ரிக் பொம்மையை நிற்க வைத்தேன். பொம்மைக்குக் கறுப்புப் பேனையால் மீசை வைத்தேன், மாமா தன்னைப் போலவே இருக்கிறது என்றார்.

ஒரு குறைதான் இருந்தது. காற்று போவது கண்ணுக்குத் தெரியாது. போகிறது என்று நான் சொன்னால் நடுவர்கள் நம்ப வேண்டுமே. அதற்கு ரீச்சர்தான் வழி சொன்னார். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஸ்ரோவின் வாயருகே பிடி, புகை உள்ளே போய்ப் போத்தலுக்குள் வருவதை எல்லாரும் காணலாம் என்றார். எங்கள் வீட்டில் மெழுகுதிரிதான் உண்டு, ஊதுபத்தி கொளுத்துவதில்லை. கடையில் ஒரு பைக்கற் வாங்கினோம். முதல் தரம் கொளுத்திப் பார்த்தபோது, வெள்ளை நூல் போல ஒரு புகை ஸ்ரோவுக்குள் நுழைந்து, ரியூப்பால் ஓடி, பொம்மையின் தலைக்கு மேலே வந்து அவிழ்ந்தது. மாமா கையைத் தட்டிவிட்டார். தான் மூச்சு விடுவதைத் தானே பார்க்கிறேன் என்றார்.

வலய மட்டப் போட்டிக்கு மாமா சலவை செய்த சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து, மண்டபத்து யன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டார். நான் ஊதுபத்தியைக் கொளுத்தினேன். கொப்பி மட்டையால் விசிறிக் காற்றை உண்டாக்கினேன். காற்று மாறினால் என்ன செய்வாய் என்று நடுவரில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவள் போல நான் மற்றப் பக்கம் போய் நின்று விசிறினேன். வள்ளம் மெதுவாகச் சுற்றி என்னைப் பார்த்து நின்றது. நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். இதனால் என்ன மிச்சம் என்று இன்னொருவர் கேட்க, சும்மா குந்தியிருக்கிற ஒரு ஆளின் வேலை மிச்சம் என்றேன். மண்டபம் சிரித்தது. முதலாமிடம் எனக்கு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா சைக்கிளை மிதித்தபடி, கண்டவரிடமெல்லாம் என்னைக் காட்டி, “எங்கட புத்தாக்கம் மாகாணத்துக்குப் போகுது” என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மாகாணப் போட்டிக்கு முந்திய கிழமையில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எங்கள் படலையில் சனம் நின்றது. அம்மாவின் குரல் ஒழுங்கை முனையிலேயே கேட்டது. ஒரு பொம்பிளை என் புத்தகப்பையை வாங்கிக்கொண்டு, தலையைத் தடவிவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மாமா ஆசுபத்திரியில் இருக்கிறார் என்றார்கள். எந்த வாட்டில் என்று கேட்டேன். அந்தப் பொம்பிளை என்னைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். அதிலிருந்து எனக்கு விளங்கிவிட்டது.

குடாவில் வலை போட வந்த இரண்டு பேர்தான் மாமாவைக் கண்டவர்கள். வள்ளம் முன்னுக்கும் பின்னுக்கும் நங்கூரம் போட்டு ஆடாமல் நின்றதாம். எஞ்சின் ஒரு பிசகும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததாம். ஆனால் தண்ணீரில் குமிழி வரவில்லையாம். பைப்பைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள், அதோடு மாமாவும் வந்திருக்கிறார். அவர் இடுப்புக் கயிற்றின் மற்ற நுனி, ஒரு கப்பலின் பெரிய பித்தளைச் சக்கரத்தில் கட்டியிருந்தது. அவ்வளவு பெரிய துண்டு ஒரு நாளும் அகப்பட்டதில்லை. அதை ஏற்றியிருந்தால் அந்த வருடம் முழுவதும் எங்களுக்குக் கவலை இருந்திராது.

வீட்டுக்கு வந்த சனம் எல்லாம் ஒன்றையே கதைத்தது. சொந்தமாகச் செய்த சாமான், நடுக்கடலில் பழுதாகிப் பிழைத்திருக்கும், காற்று நின்றிருக்கும் என்றார்கள். ஒரு கிழவர் என் காது கேட்கவே, “புத்தாக்கமாம் புத்தாக்கம்” என்று காறித் துப்பினார். மாமா செத்தது ஒரு பக்கம் இருக்க, இது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நடுவர்கள் தலையாட்டிய சாமான், அப்பா ஒரு கிழமை பக்கத்தில் இருந்து பார்த்த சாமான். அது எப்படிப் பிழைக்கும்? இவர்கள் எல்லாரும் மாமாவைப் பற்றிப் பொய் கதைக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பின்னேரம் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார். கிண்ணியாப் பக்கத்து மனிதர், தலையில் வெள்ளைத் தொப்பி, மெதுவான கதை. கூட ஒரு பொலிஸ்காரர். அவர் கேட்டு எழுதி முடிக்காமல் ஆசுபத்திரியில் மாமாவைத் தரமாட்டார்கள். கதிரை போட்டு இருத்தினார்கள். தண்ணி குடித்துச் சாகவில்லை என்று டொக்டர் சொல்கிறார், அப்ப என்ன நடந்தது என்று தான் அறிய வேண்டும் என்றார். ஆள் எப்படித் தனியாக இறங்கினார், காற்று எங்கிருந்து போனது என்று அப்பாவைக் கேட்டார். துறைமுகத்திலிருந்து வேலை உடுப்போடு ஓடி வந்த அப்பா, மூங்கில் என்றார், அணியம் என்றார். கையை முன்னும் பின்னும் காட்டிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

நான் அறைக்குள் போய் பேசினையும் வள்ளத்தையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா தடுக்கப் பார்த்தார். அதிகாரி, “விடுங்க, பிள்ள காட்டட்டும். இஞ்சால வாங்க மகள்” என்றார்.

நான் தண்ணீர் ஊற்றினேன். போட்டியில் சொன்னது போலவே, தடங்கல் இல்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது கொம்பிரஷர், இது காற்று போகிற பைப்பு, இந்தப் போத்தல் கடலடி, இது மாமா. மோட்டரைப் போட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினேன். அதை ஸ்ரோவின் வாயருகே கொண்டுபோகும்போது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“எஞ்சின்ட புகை எந்தப் பக்கத்தால வரும் மகள்?”

பின்பக்கத்தால் என்றேன்.

“அப்ப அந்தக் குச்சிய அதுல வைங்க.”

இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. ஊதுபத்தியைப் பேணிக்குப் பக்கத்தில், ரெஜிபோமில் குத்தி நிறுத்தினேன். கொப்பி மட்டையால் அணியப் பக்கமிருந்து விசிறினேன். புகை பின்னால் பறந்தது. போத்தலுக்குள் ஒன்றும் இல்லை, மீசை வைத்த பொம்மை தெளிவாக நின்றது. மற்றப் பக்கம் போய் விசிறினேன். வள்ளம் சுற்றியது, புகை அப்போதும் பின்னால்தான் போனது. நான் அவரைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து, “பின்னுக்கும் நங்கூரம் கிடந்ததெண்டு சொன்னாங்களே” என்றார். அப்பா முகத்திலிருந்து கையை எடுத்தார்.

ஒரே இடத்தில் வேலை செய்தால் அப்படித்தான் போடுகிறது, நாங்கள் எப்போதும் அப்படித்தான் என்று அப்பா சொல்லத் தொடங்கினார். பிறகு, “அப்ப நான் இருந்தனான்” என்றார்.

அதிகாரி என்னிடம் வள்ளத்தின் பின்பக்கத்திலும் ஒரு நூலைக் கட்டச் சொன்னார். கட்டினேன், நுனியில் ஒரு கல்லும் வைத்தேன். முதலில் முன்பக்கமிருந்து விசிறச் சொன்னார், விசிறினேன். இது காலமை, கச்சான் என்றார். பிறகு, வெயில் ஏறிட்டுது, இனிக் கடற்காற்று என்று பின்பக்கம் போகச் சொன்னார். போய் விசிறினேன். வள்ளம் திரும்பப் பார்த்தது, நூல் விடவில்லை. ஊதுபத்திப் புகை அணியத்தை நோக்கிச் சாய்ந்து போய், ஈர்க்கில் நுனியில் இருந்த ஸ்ரோவின் வாயைக் கண்டுபிடித்து, அதற்குள் நுழைந்தது.

ரியூப் வெள்ளையாகியது. போத்தலுக்குள் முதலில் பொம்மையின் தலைக்கு மேலே ஒரு சின்ன மேகம் நின்றது. அது இறங்கி மீசையை மறைத்தது, தோளை மறைத்தது. நான் நிறுத்தாமல் விசிறினேன். போட்டியில் ஒருநாளும் இவ்வளவு புகை போனதில்லை. கொஞ்ச நேரத்தில் போத்தலுக்குள் பொம்மை இருப்பதே தெரியவில்லை.

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். அப்பா எழும்பி முற்றத்துக்குப் போய், வள்ளத்தில் இருப்பது போலக் குந்திக்கொண்டார். அம்மா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு போத்தலையே பார்த்தபடி இருந்தார். அதிகாரி குனிந்து, ஊதுபத்தியை மெதுவாக எடுத்துப் பேசின் தண்ணீரில் நனைத்தார். “போதும் மகள். போதும்” என்றார்.

அவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். படலையடியில் நிற்கிற அந்தக் கிழவருக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னேன்.

“பாருங்கோ சேர். கட்டி வைச்சும் காத்து நிக்கேல்ல. மாமாவின்ர சாமான் பிழைக்கேல்ல.”